ஹாக்பாவி மலையின் இரண்டு வரைபடங்கள்

பகல் ஒன்று பத்துக்கு வாக்கி டாக்கி கரகரத்தது.

"இன்சு கிடைச்சுட்டான். முகட்டுக்குப் பின்பக்கம், சரிவுக்கு அடியில கிடக்கிறான். மூச்சு இல்ல. மீட்புக்காரங்களுக்குச் சொல்லிடு."

பேசியவர் யூச்சொன் மலையேறுவோர் சங்கத்தின் தலைவர் தோ வொன்ஷிக். கேட்டவள் உச்சிப்பாறையில் நின்றிருந்த மேங் ஜியூ. அவளைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த கிம்பாப் சோற்றுருளைகளைத் தின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருடைய கையும் அப்படியே நின்றது. ஏழாவது ஆளுக்காகத்தான் அவர்கள் ஒரு மணி நேரமாகக் காத்திருந்தார்கள்.

ஏழாவது ஆள், பாங் இன்சு. வயது அறுபத்தொன்று. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்று காலையில் மலையடிவாரத்தில் யோம் அக்கா கடையில் நின்று சவால் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"அக்கா, எனக்கு முன்னாடி நாலு பேர் கிளம்பிட்டானுங்க. நாலு பேரையும் தாண்டி உச்சிக்குப் போய்ட்டு, முதல் ஆளா இறங்கி வருவேன். வெங்காயத்தாள் அடையைச் சூடா வச்சிரு."

"போன வருஷமும் இதேதான் சொன்னே. அடை ஆறிப்போயி நாய் தின்னுச்சு."

"இந்தத் தடவை நாய்க்குக் கிடைக்காது பாரு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரை உயிரோடு பார்த்துச் சிரித்தது அதுதான் கடைசி.

அன்றைய நடையே ஒரு பரீட்சை. ஹாக்பாவி மலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் புது வரைபடம் அச்சடிக்க மாவட்ட அலுவலகம் முடிவு செய்திருந்தது. இரண்டு வரைபடங்கள் போட்டியில் இருந்தன. ஒன்று தலைவர் தோ தன் கையால் வரைந்து, பல வருஷமாகச் சங்கத்தில் புழங்கிவரும் தட்டை வரைபடம். மேலே வடக்கு, கீழே தெற்கு, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் வளைகோடுகள், பாதைக்குப் புள்ளிக்கோடு. மற்றது மேங் ஜியூ செய்த முப்பரிமாண வரைபடம். சென்ற வசந்தத்தில் டிரோன் பறக்கவிட்டு எடுத்த படங்களைக் கோத்து, தெற்கு வானத்தில் ஒரு பருந்து நின்று பார்த்தால் மலை எப்படித் தெரியுமோ அப்படியே தாளில் கொண்டுவந்திருந்தாள். பாறை பாறையாகவும் காடு காடாகவும் தெரியும்.

எது மேல் என்று சங்கத்தில் ஆறு மாதமாக வாய்ச்சண்டை. கடைசியில் நடந்தே பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. எட்டுப் பேர், எட்டு ஒட்டிய உறை. நான்கில் தட்டை, நான்கில் முப்பரிமாணம். யாருக்கு எது என்று உறையை எடுத்தவருக்கு மட்டுமே தெரியும். கைபேசிகளையெல்லாம் ஒரு பையில் போட்டுவிட்டு, ஒவ்வொருவராக இடைவெளி விட்டுத் தனியே கிளம்ப வேண்டும். வழியில் மூன்று மரங்களில் அட்டை தொங்கும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சொல். அதைப் பென்சிலால் வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். குறுக்கே புகுந்து ஏமாற்றாமல் இருக்கத்தான் அது. ஒரு பெண்மணி மகள் நிச்சயதார்த்தம் என்று வராமல் போக, ஏழு பேர் நடந்தார்கள். ஜியூ முன்னதாகவே உச்சிக்கு ஏறிவிட்டாள். உறைகளைக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் பின்னால் தலைவர் தோ ஏறினார்.

மறுநாள் காலையில் மாவட்டக் காவல் நிலையத் துப்பறிவாளர் ஓக் சன்மியின் மேசைக்கு இறந்தவரின் பொருள்கள் வந்தன. சன்மிக்கு நாற்பத்தேழு வயது. மலைப்பிரதேசத்தில் பிறந்து வளர்ந்தும், தேவையில்லாமல் மலை ஏறுகிறவர்களை அவள் சந்தேகத்தோடுதான் பார்ப்பாள்.

காவலர் பியோ ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "பாதி கடிச்ச வெள்ளரிக்காய். தண்ணி பாட்டில். கழுத்துல கயிறு கட்டி, சட்டைக்குள்ள போட்டிருந்த திசைகாட்டி. ஜாக்கெட் பாக்கெட்ல வரைபடம். அவ்வளவுதான் மேடம்."

வரைபடம் முப்பரிமாண வகை. நான்காக மடித்திருந்தது. ஓரத்தில் பென்சிலில் இரண்டு சொற்கள்: அணில், மான். மூன்றாவது அட்டை முகட்டின் மேல் இருந்தது. அதுவரை அவர் போகவில்லை. திசைகாட்டியின் வளையம் வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவே திருகப்பட்டிருந்தது.

"விபத்துன்னு எழுதி முடிச்சிடலாமா மேடம்?"

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"தலையில அடி, விலா எலும்பு உடைஞ்சு உள்ள ரத்தப்போக்கு. யாரும் தள்ளின அடையாளம் இல்லையாம். ஆனா விழுந்ததும் போகலையாம். அரை மணி, முக்கா மணியாவது உயிர் இருந்திருக்கும்னு சொல்றாரு."

சன்மி திசைகாட்டியைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்தாள். "இன்னைக்கு வேண்டாம். எழுதாதே."

தலைவர் தோ தானாகவே நிலையத்துக்கு வந்தார். அறுபத்தாறு வயது, நரைத்த கிராப்பு, நிமிர்ந்த முதுகு. ஊர் முழுக்கத் தெரிந்த மனிதர். நாற்காலியில் உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கடைசி ஆளும் உச்சிக்கு வந்தாச்சு, அஞ்சாவதாக் கிளம்பின இன்சு இன்னும் வரலேன்னு அந்தப் பொண்ணு வாக்கி டாக்கில சொல்லிச்சு. அப்ப நான் முகடு தாழ்ற எடத்துல இருந்தேன். பின்பக்கம் புதர் முறிஞ்சிருந்துச்சு. எறங்கிப் பார்த்தேன்."

"பாதை கிழக்கால முகட்டு மேலயே போகுது. அவரு ஏன் பின்பக்கம் போனாரு?"

"எல்லாம் அந்தப் படத்தால வந்த வினை." அவர் குரல் ஏறவில்லை. "தெற்கே இருந்து பாத்து வரைஞ்ச படம்மா அது. முகட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அதுல தெரியாது. மலைய முன்னாடி மட்டும் காட்டி முதுகை மறைச்சா மனுஷன் விழாம என்ன செய்வான்? ஆறு மாசமா நான் கத்திட்டேதான் இருந்தேன். படம் பாக்க அழகு. நடக்க ஆகாது."

"எட்டு உறை போட்டீங்க. ஏழு பேருதான் போனாங்க. மிச்ச உறையில என்ன இருந்துச்சு?"

"தட்டை வரைபடம். நான்தான் வச்சிருந்தேன். இந்தாங்க." பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிப்புக் கலையாத தாள்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. உச்சியில் இருந்த ஆறு பேரில் மூவரிடம் தட்டை, மூவரிடம் முப்பரிமாணம். இன்சுவிடம் நான்காவது முப்பரிமாணம். தலைவரிடம் நான்காவது தட்டை.

மேங் ஜியூவின் வீட்டில் திரைச்சீலைகள் மூடியிருந்தன. இழவு வீட்டில் இன்சுவின் மகன் ஹான்சொல் அவளை உள்ளே வரவேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பியிருந்தான். மாவட்ட அலுவலகம் அவளுடைய வரைபடத்தை விலக்கிவிட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அவள்மேல் வழக்குப் போடவேண்டும் என்று சங்கத்தில் மனு தயாராகிக்கொண்டிருந்தது.

"சாப்டியாம்மா?" என்றாள் சன்மி.

"தலைவர் சொல்றது சரிதான் மேடம்," என்றாள் ஜியூ, கேட்டதற்குப் பதில் சொல்லாமல். இருபத்தெட்டு வயது, இரண்டு இரவு தூங்காத கண்கள். "பின்பக்கம் என் படத்துல தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மழையில அங்க மலை சரிஞ்சு போச்சு. டிரோன் படத்துல நானே பாத்தேன். ஓரத்துல ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதல."

"தலைவருக்கு அந்தச் சரிவு தெரியுமா?"

"கூட்டத்துல சொன்னேன். 'அந்த மலையில எனக்குப் பாதை சொல்லித் தர்றியா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதோட விட்டுட்டேன்."

"அன்னைக்குக் காலையில நீ எப்படிப் போனே? வழியில எதாவது பாத்தியா?"

"நான்தான் எல்லாருக்கும் முன்னாடி ஏறினேன். ஓடையில தண்ணி அதிகமா இருந்துச்சு, கல்லு போட்டுத் தாண்டினேன். ரெண்டாவது அட்டை கீழ விழுந்து சேறாக் கிடந்துச்சு, பன்னி மிதிச்சிருக்கும். எழுத்து தெரியல. முந்தின நாள் தலைவர் கட்டினது. வேற அட்டையில 'நரி'ன்னு எழுதிக் கட்டிட்டு மேல போனேன். அப்புறம் உச்சியில குளிர் தாங்கல, ஒரு பாறை மறைவுல உக்காந்துட்டேன். வேற எதுவும் இல்ல."

சன்மி எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பில் தண்ணீர் வைத்து, அலமாரியில் இருந்த ராமியன் நூடுல்ஸைப் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"தின்னு. நாளைக்கு உனக்கு வேலை இருக்கு."

மறுநாள் சன்மி மலை ஏறினாள். பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. பியோ முன்னால் போய்ப்போய் நின்றான்.

"மேடம், தூக்கிட்டுப் போகட்டுமா?"

"உன் பதவி உயர்வுக் காகிதம் என் மேசையிலதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ."

முகடு தாழும் இடத்துக்கு வந்ததும் அவள் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். தெற்கே பள்ளத்தாக்கும் ஊரும் தெரிந்தன. கிழக்கே முகட்டின் மேல் பாதை பாறைகளில் ஏறி இறங்கி உச்சிக்குப் போனது. வடக்கே அடர்ந்த புதர். அதில் ஓர் ஆள் நுழைந்த அளவுக்குக் கிளைகள் முறிந்திருந்தன.

பியோ அந்த வழியாகப் போய்விட்டுத் திரும்பினான். "முந்நூறு மீட்டர் போறாரு மேடம். ஒன்னுக்குப் போற ஆளு அவ்வளவு தூரம் போகமாட்டான். நேரா ஒரே திசையில போயிருக்காரு. வடகிழக்கு. அப்புறம் தரையே இல்ல."

சன்மி முதலில் முப்பரிமாண வரைபடத்தைப் பிரித்தாள். மலை கண்முன்னே இருப்பது போலவே தாளிலும் இருந்தது. ஏறிவந்த காடு, இந்தத் தாழ்வு, கிழக்கே பாறைகள், உச்சி. அதற்கு மேல் வானம். புதர் இருந்த பின்பக்கத்தைத் தாளில் தேடினாள். இல்லை.

பிறகு உச்சியில் இருந்த ஒருவரிடமிருந்து வாங்கிய தட்டை வரைபடத்தைப் பிரித்தாள். முகட்டின் இரண்டு பக்கமும் அதில் இருந்தன. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு மெல்லிய புள்ளிக்கோடு பிரிந்து, முகட்டுக்குப் பின்னால் வடகிழக்காகச் சரிவை ஒட்டிப் போய், உச்சிக்குப் பக்கத்தில் மறுபடி பாதையோடு சேர்ந்தது. பாறைகளில் ஏறி இறங்காமல் போகும் குறுக்குவழி.

"பியோ, உன் திசைகாட்டியை எடு. இந்தக் கோடு எந்தத் திசையில போகுதுன்னு வச்சுப் பாரு."

அவன் தாளின் மேல் திசைகாட்டியை வைத்து வளையத்தைத் திருகினான். இன்சுவின் திசைகாட்டி நின்ற அதே இடத்துக்கு வந்து நின்றது.

"இப்ப இந்தப் படத்துல வச்சுத் திசை எடு." முப்பரிமாணத் தாளை நீட்டினாள்.

பியோ வைத்துப் பார்த்தான். தாளைத் திருப்பினான். தலையைச் சொறிந்தான். "இதுல எப்படி மேடம்? சாய்வாப் பாத்த படம். கிட்ட இருக்கிறது பெருசு, எட்ட இருக்கிறது சிறுசு. திசை சரியா வராதே."

"அதான்."

"ஆனா விழும்போது வளையம் சுத்தியிருக்கலாமே."

"சுத்தியிருக்கலாம். அதனாலதான் அது மட்டும் போதாது," என்ற சன்மி எழுந்தாள். "எறங்கலாம். மத்த அஞ்சு பேரோட தாளையும் வாங்கு."

அன்று மாலை நான்கு மணிக்குச் சங்க அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். நடந்த ஆறு பேர், தலைவர் தோ, ஜியூ, கதவோரத்தில் கறுப்பு உடையில் ஹான்சொல். மனுவில் கையெழுத்து வாங்கத்தான் கூட்டம் என்று பாதிப் பேர் நினைத்து வந்திருந்தார்கள்.

சன்மி மேசையில் வரைபடங்களைப் பரப்பினாள்.

"ஜியூவோட படம் முகட்டுக்குப் பின்னாடி இருக்கிறதை மறைக்குதுன்னு எல்லாரும் சொல்றீங்க. சரிதான். சரிவு அதுல தெரியாது. ஆனா ஒன்னை யாரும் யோசிக்கல. சரிவு தெரியாத மாதிரியே, அங்க போற வழியும் அதுல தெரியாது. அந்தப் படத்தைக் கையில வச்சிருக்கிறவனுக்கு முகட்டுக்குப் பின்னாடி ஒன்னுமே இல்ல. வானம்தான். ஒன்னுமே இல்லாத எடத்துக்கு ஒருத்தர் புதரை முறிச்சுக்கிட்டு முந்நூறு மீட்டர் எதுக்குப் போகணும்?"

சன்மி தட்டை வரைபடத்தை விரலால் தொட்டாள்.

"பின்னாடி வழி இருக்குன்னு சொல்றது தட்டை வரைபடம் மட்டும்தான். இன்சுவுக்கு முதல்ல போய்ச் சேரணும்னு ஆசை. குறுக்குவழியைப் பாத்தாரு, திசைகாட்டியைத் திருகினாரு, போனாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சரிஞ்சு போன பாதை. அவரு கையில இருந்தது தட்டை வரைபடம்."

"அவன் பாக்கெட்ல இருந்தது அந்தப் பொண்ணோட படம்," என்றார் தலைவர்.

"கண்டெடுக்கும்போது இருந்துச்சு. விழும்போது இல்ல. யாரோ மாத்தியிருக்காங்க. மாத்தறதுக்கு ஒரு முப்பரிமாண வரைபடம் வேணும். மிச்சமான எட்டாவது உறை இருந்தது ஒருத்தர்கிட்டதான்."

"அதுல தட்டை இருந்துச்சுன்னு சொன்னேன்ல. உங்ககிட்ட குடுத்தேன்ல."

"குடுத்தீங்க. தட்டை வரைபடம் உங்க வீட்டுல கட்டுக்கட்டா இருக்கு." சன்மி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "ரெண்டாவது அட்டையில என்ன எழுதியிருந்துச்சு தலைவரே?"

"மான்."

"யாருக்காவது வேற மாதிரி ஞாபகம் இருக்கா?"

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணாடிக்கடைக்கார சொன் தயங்கிக்கொண்டே சொன்னார். "நரி. நான் நரின்னுதான் எழுதினேன்."

"நானும் நரிதான்."

"நரிதாங்க."

சன்மி ஆறு தாள்களையும் அவர் பக்கம் திருப்பினாள். எல்லாவற்றின் ஓரத்திலும் அணில், நரி. ஏழாவது தாளை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். அணில், மான்.

"நீங்க கட்டின அட்டையைப் பன்னி மிதிச்சிருச்சு. காலையில ஜியூ வேற அட்டை கட்டினா. நடந்து போன எல்லாரும் நரின்னு படிச்சாங்க. நீங்க கட்டினதுதானேன்னு நீங்க நின்னு படிக்கல. அந்த மலையில அன்னைக்கு மான்னு எழுதக்கூடிய ஆளு ஒருத்தர்தான். இன்சுவோட வரைபடத்தை எடுத்துட்டு, புதுசை மடிச்சு, ரெண்டு சொல்லை எழுதி வச்சது நீங்க."

தோ வொன்ஷிக் தொப்பியின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"நான் அவனைத் தள்ளல," என்றார்.

"தெரியும். நீங்க எறங்கினப்ப அவரு உயிரோட இருந்தாரா?"

தலைவர் தொப்பியை மேசையில் வைத்தார்.

"இருந்தான். கண்ணு தெறந்திருந்துச்சு." அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "கையில என் வரைபடம். நீட்டினான். 'அண்ணே, இங்க பாதை இல்லண்ணே'ன்னான். குறை சொல்ற மாதிரி இல்ல. அடுத்து வர்றவனுக்கு எச்சரிக்கை சொல்ற மாதிரி சொன்னான். கொஞ்ச நேரத்துல அடங்கிட்டான்."

"அந்தக் கொஞ்ச நேரம், வாக்கி டாக்கி எங்க இருந்துச்சு?"

"இடுப்புல."

"ஏன் எடுக்கல?"

"எடுத்தா என்ன சொல்றது? என் கோட்டைப் பாத்து வந்து விழுந்துட்டான்னு சொல்றதா? அந்தப் பொண்ணு எல்லாரும் இருக்கையில சொல்லிச்சு, அங்க சரிஞ்சிருக்குன்னு. முழங்கால் வலியில அந்தப் பக்கம் போயி நாலு வருஷம் ஆச்சு எனக்கு. ஒத்துக்கல. சிரிச்சேன்." தலையைக் குனிந்துகொண்டார். "பக்கத்துல உக்காந்தேன். என்ன செய்யலாம், என்ன செய்யலாம்னு யோசிச்சுட்டே இருந்தேன். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவன் போய்ட்டான். அதுக்கப்புறம்தான் படத்தை மாத்தினேன்."

ஹான்சொல் கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்தான். இரண்டு பேர் எழுந்து அவன் தோளைப் பிடித்தார்கள். பிடித்திருக்கத் தேவையில்லை. அவன் தலைவரை அடிக்க வரவில்லை.

"பெரியப்பான்னு கூப்பிட்டேன் உங்களை," என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போனான்.

தோ வொன்ஷிக் எழுந்து ஜியூவின் பக்கம் திரும்பி இடுப்பு மடிய வணங்கினார். அவள் பதில் வணக்கம் செய்யவில்லை. பியோ அவரைக் காரில் ஏற்றினான். கைவிலங்கு போடச் சன்மி சொல்லவில்லை.

மறுவாரம் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த ஹான்சொல், ஜியூ வேலை செய்யும் அறைக்கு வந்தான். கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றான்.

"உள்ள வாங்க," என்றாள் ஜியூ.

"அன்னைக்கு உங்களை வாசல்லயே நிறுத்திட்டேன்."

"பரவால்ல. உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. "அப்பா கிடந்த எடத்தை அம்மா பாக்கணுங்கிறாங்க. அவங்களால ஏற முடியாது. தட்டை வரைபடத்தைக் காட்டினேன். கோடு கோடா இருக்கு, ஒன்னும் புரியலேங்கிறாங்க. உங்க படத்துல அந்த எடமே இல்ல."

ஜியூ கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையில் மலை அவள் வரைந்தபடி தெற்கிலிருந்து தெரிந்தது. அவள் அதை மெதுவாகச் சுழற்றினாள். ஊர் பின்னால் போனது. முகடு திரும்பியது. காட்டின் நடுவே செம்மண் நிறத்தில் ஒரு நீண்ட காயம் போலச் சரிவு கண்ணுக்கு வந்தது. அதன் அடியில் இரண்டு பைன் மரங்கள்.

"இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் நடுவுல," என்றாள்.

ஹான்சொல் குனிந்து நெடுநேரம் பார்த்தான். "இதைத் தாள்ல போட்டுத் தர முடியுமா?"

அவள் வடக்கிலிருந்து பார்த்த ஹாக்பாவி மலையை அச்சிடக் கொடுத்தாள். தாள் மெல்ல வெளியே வரும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.